சாவி பயிற்சியாளரிடம் மட்டும்

எந்தக் கடையில் பூட்டு வாங்கினாலும் இரண்டு சாவி தருவார்கள். மூன்று தருகிற தாராளப் பிரபுக்களும் உண்டு. ஒரே ஒரு சாவியோடு ஒரு பூட்டு வீட்டுக்குள் நுழைகிறதென்றால், மிச்சச் சாவி வேறு எவன் கையிலோ இருக்கிறது என்று அர்த்தம்.

இது வக்கீல் கண்டுபிடித்தது. அவள் நிஜ வக்கீல் இல்லை. மருந்துச் சீட்டு முதல் வாடகைப் பத்திரம் வரை வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும், அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பவள் என்பதால் தங்கை வைத்த பெயர். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் மாட்டிய கருவியோடு, "உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது" என்று நாள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவள். அவளும் அதே பொய்யைத்தான் சொன்னாள். வக்கீலைவிடக் கொஞ்சம் இனிமையாக.

தங்கைக்கு வக்கீல் வைத்த பெயர் திருகாணி. ஐந்து வயதில் கதவின் கைப்பிடியை வெளிப்பக்கம் இருந்து கழற்றி, அம்மாவை இரண்டு மணி நேரம் அறைக்குள் வைத்த மகராசி. இப்போது பதினேழரை வயது. பள்ளிக்கூடத்தின் கடைசி மாதத்தில் யாரோ ஒருத்தர் வந்து, காலேஜுக்குப் போகாமலும் பிழைக்கலாம், லிஃப்ட் பராமரிப்பில் மூன்று வருடப் பயிற்சி, வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம் என்று பேசிவிட்டுப் போனார். திருகாணி அன்றைக்கே கை தூக்கிவிட்டாள்.

"நமக்கு மட்டும் ஏண்டி வந்து சொல்றானுங்க?" என்று வக்கீல் கேட்டாள். "பணக்காரன் வீட்டுப் பொண்ணுகிட்டப் போயி, காலேஜ் வேணாம்மா, ஸ்பேனர் பிடின்னு எவனாவது சொல்லியிருக்கானா? ஒருத்தனைக் காட்டு."

"நீ காலேஜ் போய் என்ன கிழிச்ச?"

"நான் கிழிக்கலைன்னா நீயாவது கிழி."

"எனக்குக் கிழிக்க வேணாம்க்கா. மாட்டணும்."

காலேஜ் கடைசி வருடத்தில் வக்கீலையும் இன்னும் நாற்பது பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டதாக ஒரு கம்பெனி மாலை மரியாதையோடு கடிதம் கொடுத்தது. வேலையில் சேரப் போன அன்றைக்கு அந்த விலாசத்தில் ஒரு தையல் மிஷின் கடை இருந்தது. கடைக்காரர் நல்லவர், தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து வக்கீலின் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். வெளிச்சமாக இருந்தால் இன்னும் பெரிய பேய்.

அதனால் திருகாணி பரீட்சார்த்தமாக வேலைக்குப் போய்வரத் தொடங்கிய நாளிலிருந்து வக்கீல் மோப்பம் பிடித்தாள். தங்கை சொன்னது: "மேசைல உக்காந்து வயர் இணைக்கக் கத்துத் தராங்க." மேசையில் உட்கார்ந்திருப்பவளின் முட்டியில் ஏன் கிரீஸ்? தலைமுடியில் ஏன் ஒட்டடை? ஒருநாள் செருப்பைக் கழற்றும்போது காலில் கருப்பு எண்ணெய் கணுக்கால் வரை இருந்தது. "மேசை ஒழுகுதா?" என்று கேட்டாள். திருகாணி குளிக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது வாரம் அந்தப் பூட்டு வந்தது. சிவப்பு நிறம், உள்ளங்கை அளவு, மேலே ஒரு எண். ஒற்றைச் சாவியை ஒரு கயிற்றில் கோத்துத் தங்கை கழுத்தில் போட்டுக்கொண்டாள். தினமும் காலையில் பூட்டு அவளுடன் போகும், மாலையில் வரும்.

"எதைப் பூட்டறதுக்கு?"

"வேலைக்கு."

"இன்னொரு சாவி எங்க?"

"கிடையாது."

"யார்கிட்ட இருக்கு?"

"கிடையாதுன்னு சொல்றேன்ல. யார்கிட்டயும் இருக்கக் கூடாது. அதான் விஷயமே."

"என்ன விஷயம்?"

திருகாணி அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை அம்மாவுக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் கையால் எதையாவது நீவிக்கொண்டே இருப்பாள். "ஒண்ணுமில்ல, விடு" என்றாள் திருகாணி.

ஒண்ணுமில்ல என்று சொன்னால் ஒன்று இருக்கிறது. புகார்ப் பிரிவில் கற்ற முதல் பாடம்.

அந்தச் சனிக்கிழமைதான் ஒப்பந்தப் பத்திரம் வந்தது. பதினெட்டு நிறையாததால் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா லாரியோடு எங்கோ இருந்தார். "வக்கீல் என்ன சொல்றா? அவ சொன்னா சரி" என்று போனில் சொல்லிவிட்டார். அம்மாவும் பேனாவை நீட்டினாள். "நீதான் படிச்சவ. நல்லதா கெட்டதா, பாத்து நீயே போடு."

வக்கீல் படித்தாள். பதினொன்றாவது விதியில் அவள் விரல் நின்றது.

"பணி நேரத்தில் பூட்டின் சாவி பயிற்சியாளரிடம் மட்டுமே இருக்கும். பணி முடியும்வரை பூட்டைத் திறக்கும் உரிமை, குடும்பத்தினர் உட்பட வேறு எவருக்கும் இல்லை."

மூன்று தடவை படித்தாள். சாவி பயிற்சியாளரிடம். அதாவது வாத்தியாரிடம். பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை ஒரு ஆம்பளை பையில் போட்டுக்கொண்டு, குடும்பத்தினர் கேட்கக் கூடாது என்று அச்சடித்து வேறு கொடுத்திருக்கிறான்.

"உங்க வாத்தியார் பேரு என்ன?"

"ஸ்டாப் சார்."

"அது ஒரு பேரா?"

"எதுக்கெடுத்தாலும் ஸ்டாப்புன்னு கத்துவாரு. அதனால நாங்க வெச்சது."

ஆக, பேரும் தெரியாது. வக்கீல் கையெழுத்துப் போடவில்லை. காலேஜ் விண்ணப்பத்தை ஏற்கெனவே தங்கைக்காகப் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் இவர்களின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டால் போதும், அம்மாவே பத்திரத்தைக் கிழித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை திருகாணி தலைக்குக் குளிக்கப் போனாள். கயிறு நனையக் கூடாதென்று சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள். தலைக்குக் குளித்தால் அவளுக்கு அரை மணி நேரம். தெருமுனைச் சாவிக் கடைக்குப் போய்வர இருபது நிமிடம்.

சாவிக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரிக்கு எங்கிட்ட வெறுஞ்சாவி இல்லையே. கிட்டத்தட்ட இருக்கறத ராவி எடுக்கணும். யாரோடது?"

"எங்க வீட்டோடது."

"வீட்டுப் பூட்டுச் சாவில நம்பர் அடிக்க மாட்டாங்களேம்மா."

"எங்க வீட்ல அடிப்பாங்க. சீக்கிரம்."

அவர் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிவிட்டு அரத்தை எடுத்தார். வக்கீல் வீட்டுக்கு வந்து, அசல் சாவியை அதே ஆணியில், கயிற்றின் முடிச்சு இடப்பக்கம் வருகிற மாதிரி பழையபடியே மாட்டினாள். குளியலறையில் இன்னும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவனிடம் ஒன்று இருந்தால் என்னிடமும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். திருடியதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை மதியம் தலைவலி என்று சொல்லி அனுமதி வாங்கினாள். தங்கையின் சட்டைப் பையில் கிடைத்த வேலைச் சீட்டில் விலாசம் இருந்தது. எட்டு மாடி அலுவலகக் கட்டடம். தையல் மிஷின் கடை இல்லை என்பதே முதல் ஏமாற்றம். லிஃப்ட் வாசலில் குறுக்கே மஞ்சள் தடுப்பு. சட்டையை நேர்த்தியாக உள்ளே விட்ட மேனேஜர் ஒருவர் வரவேற்புப் பெண்ணிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம்தான் கேட்டேன். பெரிய மனுஷங்க வராங்க, கொஞ்சம் ஓட்டிட்டு அப்பறம் நிறுத்திக்கங்கன்னேன். முடியாதாம். அந்த ஆளைக் கீழ வரச் சொல்லு, எங்கிட்ட வந்து நேர்ல சொல்லட்டும்!"

"லிஃப்ட் வேலை செய்யற பொண்ணு எங்க இருக்கா?" என்று வக்கீல் கேட்டாள்.

"எல்லாம் மேல. எட்டுக்கும் மேல. படியில போங்க" என்றாள் வரவேற்புப் பெண், தலையைத் தூக்காமலே.

நாலாவது மாடியில் கோபம் மூச்சாக மாறியது. ஆறாவது மாடியில் மூச்சு இருமலாக மாறியது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள், போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வரேன் சார், வந்து நேர்லயே சொல்றேன், முடியாதுன்னு" என்றபடி அவளைத் தாண்டி இறங்கினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

எட்டாவது மாடிக்கும் மேலே ஒரு இரும்புக் கதவு, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே எண்ணெய் வாடை. தரையில் பெரிய மோட்டார், சக்கரத்தில் ஏறி இறங்கும் தடித்த கம்பிகள், எல்லாம் செத்த மாதிரி அசையாமல் கிடந்தன. ஆள் இல்லை. சுவரோரம் ஆளுயர இரும்பு அலமாரி. அதன் கைப்பிடியில் ஒரு கொக்கி, அந்தக் கொக்கியில் மூன்று பூட்டுகள். நடுவில் இருந்தது சிவப்பு. அதில் ஒரு அட்டை தொங்கியது. அட்டையில் தங்கையின் போட்டோ. போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில்:

உள்ளே ஆள். திறக்காதே.

வக்கீல் பாய்ந்தாள். "திருகு!" என்று அலமாரியைக் கையால் அறைந்தாள். "ஏய் திருகு! அக்காடி! கேக்குதா?" தகரம் அதிர்ந்து அடங்கியது. உள்ளிருந்து சத்தம் இல்லை. மயங்கிவிட்டாளா? காற்று இருக்கிறதா? பையைக் கவிழ்த்தாள். சீப்பு, கைக்குட்டை, தலைவலி மாத்திரை, சாவி. ராவிய சாவி முதலில் சிக்கியது. மேலே அழுத்தித் திருப்பினாள். டக்கென்று சிவப்புப் பூட்டு அவள் கையோடு வந்துவிட்டது.

மற்ற இரண்டும் அசையவில்லை. கொக்கியைப் பிடித்துத் தொங்கினாள். கைப்பிடியை முழு பலத்தோடு முறுக்கினாள்.

"ஸ்டாப்!"

அப்படி ஒரு சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. தகரச் சத்தம் கேட்டுப் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்த காக்கிச் சட்டை வாசலில் நின்றது. பேர் பொருத்தமானதுதான்.

"கைய எடு. பின்னால வா. இன்னும் பின்னால." அவர் அவளுக்கும் அலமாரிக்கும் நடுவே வந்து நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. "யாரு நீ?"

"உள்ள இருக்கறது என் தங்கச்சி. தொறங்க. இல்ல போலீஸ கூப்பிடுவேன்."

"எதுக்குள்ள?"

"இதுக்குள்ள! எழுதியிருக்குல்ல, உள்ளே ஆள்னு!"

அவர் அட்டையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இது மெயின் சுவிட்சும்மா. உன் தங்கச்சி லிஃப்ட் குழிக்குள்ள இருக்கா, அடித்தளத்துக்கும் கீழ. லிஃப்ட் அவ தலைக்கு மேல நிக்குது. இந்தக் கைப்பிடிய நீ திருப்பியிருந்தா லிஃப்ட்டுக்குக் கரண்ட் வந்திருக்கும், கீழ்மாடில எவனாவது பட்டன அமுக்கியிருந்தா..." முடிக்கவில்லை. "கீழ ரெண்டு பேர், நான் ஒருத்தன். ஆளுக்கு ஒரு பூட்டு. அவங்கவங்க பூட்ட அவங்கவங்கதான் திறக்கணும். நான் திறக்க முடியாது. இந்தக் கட்டடத்துக்காரனே வந்தாலும் திறக்க முடியாது. வெளிய வந்து, அவ கையால எடுக்கற வரைக்கும் லிஃப்ட் ஓடாது."

வக்கீல் கையிலிருந்த சிவப்புப் பூட்டு திடீரென்று கனத்தது. "சாவி பயிற்சியாளர்கிட்டன்னு போட்டிருந்தது" என்றாள். தன் குரலே அவளுக்குச் சின்னதாகக் கேட்டது.

"ஆமா. அவதான பயிற்சியாளர்."

"பயிற்சியாளர்னா வாத்தியாரு!"

"பயிற்சி எடுக்கறவங்களுக்கு அப்படித்தான் போட்டிருக்காங்க."

தெருவில் போகிற எவனிடம் கேட்டாலும் பயிற்சியாளர் என்றால் சொல்லிக்கொடுப்பவர். எவனோ ஒருத்தன் ஏசி அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்பவருக்கும் அதே சொல்லை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டில் ஒருத்தியாவது படித்திருக்கிறாளே என்று நம்பிய குடும்பம், படித்தவளாலேயே கவிழ இருந்தது.

ஸ்டாப் சார் கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார். அவர் முகம் இறுகியிருந்தது. "சாவிய வீட்டுல குடுத்திருக்கா. முதல் நாளே சொன்னேன். சாவி கை மாறினா அன்னியோட சரி, ரெண்டாவது பேச்சு கிடையாதுன்னு. கெட்டிக்காரப் பொண்ணு. பாவம்." பட்டனில் விரலை வைத்தார்.

வக்கீல் அந்த விரலைப் பார்த்தாள்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும். தங்கை படியேறி வருவாள், துரத்துவார்கள், அழுவாள், இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போய்விடும். மூன்று வருடம் கழித்துப் பட்டம். அதற்குப் பிறகு, புகார்ப் பிரிவில் பக்கத்து நாற்காலி.

"அவ குடுக்கல" என்றாள் வக்கீல். "அவ குளிச்சிட்டிருந்தா. நான்தான் திருடிட்டுப் போயி இன்னொண்ணு போட்டேன். நல்லாப் பாருங்க, அதுல நம்பர் இருக்காது. அசல் அவ கழுத்துல இருக்கு."

அவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். நம்பர் இல்லை.

"எப்ப போட்ட?"

"ஞாயித்துக்கிழமை."

அவர் பட்டனை அழுத்தி, வேலையை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் மேலே வரும்படி மட்டும் சொன்னார். பிறகு ஒரு பதிவேட்டைத் திறந்து அவள் முன்னால் போட்டார். "எழுது. என்ன நடந்ததுன்னு. கீழ கையெழுத்து."

"நீங்க கதவத் தொறந்து போட்டுட்டுப் போனதையும் எழுதுவேன்."

அவர் செங்கல்லைப் பார்த்தார். "எழுது" என்றார்.

எழுதினாள். பாதியில் 'பயிற்சியாளர்' என்று வந்த இடத்தில் நிறுத்தி, அடித்துவிட்டு, 'பயிற்சி பெறுபவர்' என்று எழுதினாள். "உங்க பத்திரத்துலயும் இத மாத்தணும். இல்லன்னா கையெழுத்து கிடைக்காது. மூணு வருஷம் முடிஞ்சா என்ன சர்டிஃபிகேட், எந்தத் தேதிக்குள்ள, வேற கம்பெனில செல்லுமா, அதையும் எழுத்துல குடுக்கணும். வாயால சொன்னதெல்லாம் எனக்கு வேணாம்."

"அஞ்சு வருஷமா இந்தப் பத்திரம் இருக்கு. ஒருத்தரும் அத படிச்சதில்ல."

"அஞ்சு வருஷமா நான் வரலல்ல."

திருகாணி வந்தாள். முட்டி முதல் நெற்றி வரை கருப்பு, தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் கூட இருந்த மெக்கானிக். அக்காவைப் பார்த்தாள், மேசை மேல் கிடந்த தன் பூட்டைப் பார்த்தாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கயிறு இருந்தது. சாவி இருந்தது. பிறகு மேசையில் இருந்த இன்னொரு சாவியைப் பார்த்தாள்.

ஸ்டாப் சார் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள், அக்கா மாதிரியே, அடி வரை.

"திங்க, செவ்வா, இன்னிக்கி" என்றாள். "மூணு நாள். ரெண்டு சாவி இருந்த பூட்டுக்குக் கீழ மூணு நாள் உக்காந்திருக்கேன்."

"நீ ஏண்டி மேசைன்னு பொய் சொன்ன? குழின்னு சொல்லியிருந்தா..."

"குழின்னு சொல்லியிருந்தா அம்மா விட்டிருக்குமா?"

அம்மா விட்டிருக்க மாட்டாள். வக்கீலும் விட்டிருக்க மாட்டாள்.

ஒரு பூட்டுக்கு இரண்டாவது சாவி வந்துவிட்டால் அது பூட்டு இல்லை என்பது அங்கே விதி. மெக்கானிக் நீளக் கைப்பிடி போட்ட வெட்டுக் கத்திரியைத் தரையில் வைத்து, "நீயே பண்ணு" என்றார். திருகாணி பூட்டின் வளையத்தைக் கத்திரியின் வாயில் கொடுத்து முழு எடையையும் போட்டு அழுத்தினாள். முதல் தடவை வழுக்கியது. வக்கீல் உதவிக்கு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"கிட்ட வராத" என்றாள் தங்கை. அக்கா என்று சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வளையம் துண்டானது.

வியாழக்கிழமை மாலை திருத்திய பத்திரம் வந்தது. 'பயிற்சி பெறுபவர்' என்று மாற்றியிருந்தார்கள். சர்டிஃபிகேட்டின் பெயர் இருந்தது. வேறு கம்பெனியில் செல்லும் என்று ஒரு வரி இருந்தது. எப்போது என்ற கேள்விக்கு மட்டும் 'உரிய காலத்தில்' என்று போட்டிருந்தார்கள். உரிய காலம் என்பது பார்சல் கம்பெனி பாஷையில் 'வராது' என்று பொருள். வக்கீல் அதை அடித்து, 'மூன்றாம் ஆண்டு முடிந்த முப்பது நாட்களுக்குள்' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வரிக்குப் பக்கத்தில் முத்திரையோடு வந்தது. காலேஜ் விண்ணப்பம் மாலை ஐந்து மணி வரை திறந்திருந்தது. நாலே முக்காலுக்கு அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லதா, கெட்டதா?" என்றாள் அம்மா, காகிதத்தின் மடிப்பை நீவியபடி.

"தெரியலம்மா. பாத்துக்கலாம். குழிக்குள்ள எறங்கற வேலை. உங்கிட்ட மேசைன்னு சொன்னா, நம்பாத."

அம்மா நீவுவதை நிறுத்தினாள். திருகாணி பக்கம் திரும்பினாள். பிறகு, "எறங்கறதுக்கு முன்னால பூட்டுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"பூட்டுவேன்."

ஞாயிற்றுக்கிழமை திருகாணி தலைக்குக் குளிக்கப் போனாள். ஆணி காலியாக இருந்தது. வக்கீல் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே ஒவ்வொரு குவளைத் தண்ணீருக்கும், அவள் கழுத்தில் தொங்கிய புதுப் பூட்டின் சாவி வாளி விளிம்பில் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.